பீர்க்கம்பூவுக்குச் சாயங்காலம்தான் பொழுது விடியும்

கேள்வி: அக்கா, எங்கள் மாடியில் பீர்க்கங்கொடி பந்தல் கொள்ளாமல் படர்ந்திருக்கிறது. தினமும் இருபது பூவாவது பூக்கிறது. ஆனால் ஒரு காய் நிற்கவில்லை, பிஞ்சிலேயே மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. மண்புழு உரம், பஞ்சகவ்யா, மீன் அமிலம் எல்லாம் கொடுத்தாயிற்று. விதை சரியில்லையோ?
- வாசகி, விருதுநகர்

பதில்: விதைக்காரரைத் திட்டாதீர்கள். உரத்தையும் கொஞ்ச நாள் நிறுத்துங்கள், கொடிக்கு அஜீரணம் வந்துவிடப் போகிறது!

அந்த இருபதில் பெரும்பாலும் ஆண்பூதான் இருக்கும். நீளக் காம்பில் கொத்தாக வருவது ஆண்பூ. தனியாக, அடியில் வரி வரியான குட்டிப் பிஞ்சோடு வருவது பெண்பூ. அந்தப் பிஞ்சைப் பார்த்துத்தான் காய் பிடித்துவிட்டதென்று நாம் ஏமாறுகிறோம். மகரந்தம் சேராவிட்டால் மூன்று நான்கு நாளில் அது பழுத்து விழுந்துவிடும்.

நானும் முதல் வருஷம் காலை காபி முடித்ததும் ஏழு மணிக்குப் போய், பூசணிக்குச் செய்வதுபோல இதற்கும் ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவில் ஒட்டிப் பார்த்தேன். பூசணி காய்த்தது, பீர்க்கு காய்க்கவில்லை. ஒருநாள் மழை வருகிறதென்று துணி எடுக்கச் சாயங்காலம் மாடிக்கு ஓடினால், பந்தல் முழுக்க மஞ்சள்! பூசணியும் பாகலும் காலையில் மலரும், பீர்க்கும் சுரையும் பொழுது சாயும்போதுதான் விரியும். நான் காலையில் போய்த் தடவியதெல்லாம் முந்தின நாள் பூ. ஊரில் கிணற்றடிப் பந்தலில் இருட்டியதும் அந்துப்பூச்சிகள் வந்து வேலையை முடித்துவிட்டுப் போகும். மூன்றாவது மாடிக்கு அவை எங்கே ஏறி வரும்? அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

ஆறு மணி வாக்கில் போங்கள். ஒரு ஆண்பூவைக் கிள்ளி, இதழ்களைப் பின்னால் மடக்குங்கள். நடுவில் விரலால் தொட்டால் மஞ்சள் தூள் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை என்றால் கால்மணி நேரம் பொறுத்திருங்கள். பிறகு பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள், அழுத்த வேண்டாம். ஒரு ஆண்பூ இரண்டு பெண்பூவுக்குத் தாங்கும். தொட்ட பூவுக்கு அடையாளமாகப் பக்கத்துக் கணுவில் சிவப்பு நூல் கட்டிவிடுவேன், இல்லாவிட்டால் மறந்துபோகிறது. நான்காம் நாளும் பிஞ்சு பச்சை மாறாமல் தடித்திருந்தால் நின்றுவிட்டது என்று அர்த்தம். அப்புறம் எட்டு, பத்து நாளில் பறித்துவிடலாம். நகம் இறங்குகிற பதத்திலேயே பறியுங்கள், விட்டால் நாராகிவிடும்.

நூல் கட்டிய பிஞ்சும் உதிர்ந்தால், ஊசி குத்தியதுபோல் துளையும் பிசினும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பழ ஈயின் வேலை. அடுத்த பிஞ்சுகளுக்குக் காகிதம் சுற்றிவிடுங்கள்.

கேள்வி: பீர்க்கங்காய்த் தோல் துவையல் எனக்கு எப்போதும் பச்சை வாடை அடிக்கிறது. ஏன் மேடம்?
- வாசகர், திருப்பூர்

பதில்: அவசரப்படுகிறீர்கள், அவ்வளவுதான். நல்லெண்ணெயில் உளுத்தம்பருப்பு இரண்டு ஸ்பூன், வரமிளகாய் நாலு, பெருங்காயம் வறுத்துத் தனியே எடுத்துவையுங்கள். அதே வாணலியில் தோலைப் போட்டுச் சின்னத் தீயில் சுருளச் சுருள வதக்குங்கள். ஒரு கை நிறைய இருந்தது ஒரு பிடியாகும்வரை. புளி, உப்பு, தேங்காயோடு தோலை அரைத்துவிட்டு, பருப்பைக் கடைசியில் சேர்த்து ஒரு சுற்று. பல்லில் பருப்பு கடிபட வேண்டும்.

முக்கியமான ஒன்று: தோல் சீவுமுன் காயில் சின்னத் துண்டு நறுக்கி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் குப்பையில் போடுங்கள். பாகற்காய்க் கசப்பு வேறு, இது வேறு. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். சுரைக்காய்க்கும் இதேதான்.

கேள்வி: அக்கா, கொத்தமல்லி முளைக்கவே மாட்டேன் என்கிறதே?
- வாசகி, ஆவடி

பதில்: தனியாவை அப்படியே தூவினீர்களா? ஒன்றுக்குள் இரண்டு விதை இருக்கிறது. சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாகப் பிரியவிட்டு விதையுங்கள். பத்து நாள் பொறுங்கள். முளைத்ததைப் பிடுங்கி வேறு தொட்டியில் நடாதீர்கள், வேர் அறுந்தால் வாடிவிடும். மே மாதத்தில் மட்டும் இந்த ஆசையே வேண்டாம். வெயிலில் நன்றாக இலை விடுவதற்கு முன்னாலேயே பூத்துவிடும். வெயில் தணியும்வரை புதினாக் குச்சியை ஊன்றிவைத்துச் சமாளியுங்கள்.