சைக்கிள் கேள்வி பதில்: காவிரிக் கடைமடையும் பழைய சர்ச்சுகளும்

கேள்வி: நானும் தம்பியும் ஞாயிற்றுக்கிழமைகளில் பென்னாகரம் வரை சைக்கிளில் போய் வருவோம். பொங்கல் லீவில் டெல்டா பக்கம் போய் தரங்கம்பாடி, வேளாங்கண்ணி என்று பழைய சர்ச்சுகளைப் பார்த்துக்கொண்டே ஓட்ட ஆசை. மேடே இல்லாத சாலைதானே, ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் அடித்துவிடலாமா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: அடிக்கலாம், ஆனால் வேண்டாம். நம்ம பக்கம் ஏற்றம் ஏறினால் அப்புறம் இறக்கம் வரும், ஒகேனக்கலுக்கு இறங்கும்போது பெடலைத் தொடவே வேண்டியதில்லை. அங்கே இறக்கம் என்பதே கிடையாது, நாள் முழுக்க மிதித்துக்கொண்டே இருக்கணும், உட்கார்ந்த இடமும் உள்ளங்கையும்தான் முதலில் வலிக்கும். ஏற்றம் என்று பார்த்தால் ஆற்றுப் பாலங்கள் மட்டும்தான். அந்த ஊரில் மலைக்குப் பதில் காற்று.

காற்றை வைத்தே வழியை முடிவு பண்ணுங்கள். தை மாதம் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும். அதனால் தரங்கம்பாடியில் தொடங்கி தெற்கே வேளாங்கண்ணிக்குப் போனால் அது முதுகுப் பக்கம் தள்ளிக்கொடுக்கும், திருப்பி ஓட்டினால் முகத்தில் அறையும். சேலத்திலிருந்து ரயிலில் மயிலாடுதுறை போய்விடுங்கள், சைக்கிளை முன்கூட்டியே பார்சல் ஆபீஸில் விசாரித்துப் பதிந்துகொள்ளுங்கள். மறுநாள் காற்று எழும்புமுன் விடியற்காலையில் கிளம்பினால் செம்பனார்கோயில், திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடி சுமார் முப்பது கிலோமீட்டர். அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்த ஊரை அவசரமாகப் பார்த்தால் பாவம்.

கோட்டை வாசலுக்குள் நுழைந்தால் ராஜ வீதியிலேயே இரண்டு சர்ச்சுகள். சீயோன் ஆலயம் 1701-ல் கட்டியது. புதிய எருசலேம் ஆலயம் 1718-ல் திறந்தது, அதன் முகப்பில் டென்மார்க் ராஜா நான்காம் பிரடெரிக்கின் கிரீடம் வைத்த முத்திரையை இன்றும் பார்க்கலாம். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு 1620-ல் கடலோரம் கோட்டை கட்டிய டேனிஷ்காரர்கள் 1845-ல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். இடையில் 1706-ல் வந்து இறங்கியவர்தான் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, இருபத்துச் சொச்சம் வயதுப் பையன். இங்கே வந்து தமிழ் படித்து, அச்சுக்கூடம் வைத்து, 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்து முடித்துவிட்டார். 1719-ல் இறந்தவரை அந்தப் புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்காருங்கள், ஆராதனை நேரமாக இருந்தால் முடியும்வரை வெளியே காத்திருங்கள்.

மறுநாள் நண்டலாற்றைத் தாண்டினால் காரைக்கால் எல்லை. ஊருக்குள் தேற்றரவு அன்னை ஆலயம் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு அரசலாற்றுப் பாலம், திருமலைராஜனாறு, அப்புறம் நாகூர் தர்கா, நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. தரங்கம்பாடியிலிருந்து மொத்தம் ஐம்பது கிலோமீட்டருக்குள்தான் வரும். இந்த ஆறுகள் எல்லாமே காவிரி பிரிந்த கிளைகள். ஒகேனக்கலில் பாறையைப் பிளந்துகொண்டு விழும் அதே தண்ணீர் இங்கே வாய்க்கால் அகலத்தில் சத்தமில்லாமல் போகிறது. நம்ம ஊர்க்காரர்கள் இதைக் கட்டாயம் பார்க்கணும்.

ஒரு எச்சரிக்கை. தை, மாசியில் சம்பா அறுவடை, கிராமத்துச் சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல் காயும், வைக்கோல் கிடக்கும். நெல்மணி மேல் டயர் ஏறி பிரேக் பிடித்தால் வழுக்கிவிடும். அதைவிட முக்கியம், அது ஒருத்தருடைய வருஷ உழைப்பு, மேலே ஏற்றாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். நெல் அறுத்த வயலில் உளுந்து முளைத்துப் பச்சையாக நிற்கும், அதை மிதித்துப் போட்டோ எடுக்க வேண்டாம்.

கேள்வி: என்னிடம் கியர் இல்லாத சாதா சைக்கிள்தான். தாங்குமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: தாராளமாக. தொப்பூர் கணவாய்க்கு கியர் வேண்டும், திருக்கடையூருக்கு வேண்டாம். சீட் உயரத்தை மட்டும் சரி பண்ணிக்கொள்ளுங்கள். சாலையோரம் சீமைக்கருவேல முள் கிடக்கும், அதனால் பஞ்சர் சாமானும் கூடுதலாக ஒரு டியூபும் அவசியம். உப்புக்காற்று செயினைத் துருப்பிடிக்க வைக்கும், வீட்டுக்கு வந்ததும் கழுவித் துடைத்து எண்ணெய் விடுங்கள்.

கேள்வி: ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கே சைக்கிளில் போகலாமா? ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறது என்றால் வேறு வழி உண்டா?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8 வரை திருவிழா. காவி உடுத்தி நடந்து வரும் பக்தர்களால் சாலையோரம் நிறைந்திருக்கும், அவர்களுக்கு நடுவில் மணியடித்துக்கொண்டு போவது எனக்குச் சரியாகப் படவில்லை. நடந்தே போங்கள், அல்லது வேறு மாதம் பாருங்கள்.

ஒரு நாள் என்றால் தஞ்சாவூர். சிவகங்கைப் பூங்காவில் 1779-ல் எழுந்த, ஜெர்மன் பாதிரியார் சுவார்ட்ஸ் பெயரில் வழங்கும் சர்ச் இருக்கிறது. உள்ளே பளிங்குச் சிற்பம் ஒன்று, சாகக் கிடக்கும் சுவார்ட்ஸ் பக்கத்தில் சரபோஜி மன்னர் நிற்கிறார். லண்டன் சிற்பி பிளாக்ஸ்மேனிடம் சொல்லிச் செய்ய வைத்தவரும் சரபோஜியேதான். அங்கிருந்து திருவையாற்றுச் சாலையில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம் தாண்டி, திருமானூரில் கொள்ளிடத்தையும் கடந்தால் வீரமாமுனிவர் பணி செய்த ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா ஆலயம். காலையில் போய் மதியம் அங்கேயே சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு திரும்புங்கள். கொள்ளிடப் பாலத்தில் மணல் கிடக்கும், மெதுவாக.