தண்ணீர் பலூன் உண்டிவில்: கேள்வியும் பதிலும்

ஒருவரே கையில் பிடித்து இழுத்து விடக்கூடிய, கழற்றினால் தோள்பைக்குள் அடங்குகிற தண்ணீர் பலூன் உண்டிவில்லை வடிவமைப்பது பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும். இங்கே சொல்லும் அளவுகள் 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், பெரியவர் ஒருவர் உடனிருக்க, வெட்டவெளியில் விளையாடுவதற்கானவை.

கேள்வி: சார், முதலில் எதை முடிவு செய்ய வேண்டும்? ரப்பரின் பலத்தையா, கவட்டையின் அளவையா?

இரண்டையும் அல்ல, பலூனை. கல் எறியும் கவட்டையில் எறிபொருள் உடையாது, அதனால் ரப்பரை எவ்வளவு வேண்டுமானாலும் முறுக்கேற்றலாம். இங்கே எறிபொருளே மெல்லிய சவ்வு. அது தாங்குகிற அளவுதான் மற்ற எல்லாவற்றுக்கும் உச்சவரம்பு.

5 செ.மீ. விட்டமுள்ள பலூனில் சுமார் 65 மி.லி. தண்ணீர் இருக்கும். 6 செ.மீ. என்றால் 113, 7 செ.மீ. என்றால் 180. விட்டம் கொஞ்சம் கூடினாலே எடை எகிறிவிடும். 6 செ.மீ. வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமாக நிரப்பும் கொத்துப் பலூன்களும் ஏறத்தாழ இந்த அளவுக்கு நன்றாக நிரம்பும்.

இழுவை 4.5 கிலோ என்று வைத்தால், விட்ட கணத்தில் 100 சொச்சம் கிராம் பலூன் புவியீர்ப்பைப் போல 40 மடங்கு வேகமுடுக்கத்தில் கிளம்புகிறது. உள்ளிருக்கும் தண்ணீர் அந்தக் கணத்தில் 4 கிலோ கனத்தோடு பின்சுவரை அழுத்தும். பலூன் தட்டையாகிப் பக்கவாட்டில் பிதுங்கும். பிதுங்குகிற இடத்தில் முட்டு இல்லாவிட்டால் கிழியும். ஆகவே எட்டும் தூரம் அதிகம் வேண்டுமென்றால் இழுவையைக் கூட்டாதீர்கள், இழுக்கும் நீளத்தைக் கூட்டுங்கள். அதே சக்தி மெதுவாகப் போய்ச் சேரும்.

கேள்வி: எந்த ரப்பர்? வீட்டில் பழைய சைக்கிள் ட்யூப் நிறையக் கிடக்கிறது.

சைக்கிள் ட்யூப் பெரும்பாலும் பியூட்டைல் ரப்பர். காற்றைப் பிடித்து வைக்கக் கெட்டிக்காரத்தனம் உண்டு, துள்ளிச் சுருங்குவதில் சோம்பேறி. இழுக்கக் கொடுத்த சக்தியில் கணிசமான பங்கை வெப்பமாகத் தின்றுவிடும். கட்டுப்போடும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்க வேண்டியது இயற்கை லேடெக்ஸ் ட்யூப். ரத்தம் எடுக்கும்போது கையில் கட்டுவார்களே, அந்த வெளிர்மஞ்சள் வகை. உள்விட்டம் 3 மி.மீ., வெளிவிட்டம் 6 மி.மீ. உள்ளதைக் கேளுங்கள், உண்டிவில் சாமான் விற்கும் இணையக் கடைகளில் இதை 3060 என்று குறிப்பார்கள். பக்கத்துக்கு ஒன்று, கட்டு போக இயங்கும் நீளம் 20 செ.மீ., கட்டுவதற்கு இரு முனையிலும் 4 செ.மீ. கூடுதல். இதை 60 செ.மீ. வரை, அதாவது மூன்று மடங்காக நீட்டினால் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 4.5 கிலோ இழுவை தரும். லேடெக்ஸ் ஆறேழு மடங்கு நீண்டபின்தான் அறும், எனவே மூன்று மடங்கு என்பது அதற்குச் சுகமான வேலை. நீண்ட நாள் உழைக்கும்.

பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் சிலிக்கான் ட்யூப் வேண்டாம். நகக்கீறல் அளவு வெட்டு பட்டாலும் அங்கிருந்தே பிளந்துகொண்டு போகும்.

கேள்வி: இந்த அளவுக்கு எவ்வளவு தூரம் போகும்? கடையில் விற்பது 100 மீட்டர் போகும் என்கிறார்களே!

40 பாகைக் கோணத்தில் முழுதாக இழுத்து விட்டால் 15 மீட்டரை ஒட்டி விழும். பலூன் கிளம்பும் வேகம் நொடிக்கு 13 மீட்டர் போல. பாதி மட்டும் இழுத்தால் தூரம் பாதியாகாது, மூன்றில் ஒரு பங்காகும். பிள்ளைகள் முதலில் தடுமாறுவது இதில்தான்.

100 மீட்டர் என்று போட்டு விற்பது மூன்று பேர் சேர்ந்து இயக்குவது. இருவர் ஆளுக்கொரு பிடியைப் பிடித்து நிற்க, மூன்றாமவர் நடந்து பின்னால் போய் இழுப்பார். அதைக் கையடக்கமாக்க முடியாது, ஆக்கவும் கூடாது. அந்த வகைப் பலூன் கண்ணில் பட்டுப் பார்வை பாதித்த சம்பவங்கள் அமெரிக்கக் கண் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

கேள்வி: பத்துக்கு நாலு பலூன் கைக்குள்ளேயே உடைகிறது. ரப்பர் நீங்கள் சொன்னதுதான். தூளி தடித்த ஜீன்ஸ் துணி.

பலூன் உட்காரும் துணியைத் தூளி என்றே நீங்களும் எழுதியிருப்பது வசதி. சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. ஜீன்ஸ் துணியில் மூன்று கோளாறு. சொரசொரப்பு பலூனைப் பிடித்து உரசும். தண்ணீர் குடித்துக் கனக்கும். தட்டையாக இருக்கும், குழியாது. மூன்றாவதுதான் பெரிய கோளாறு. தட்டைத் துணியில் பலூனின் நடுப்பகுதிக்கு மட்டுமே முட்டு கிடைக்கிறது, ஓரம் வெளியே பிதுங்கி வெடிக்கிறது.

குடைத்துணி அல்லது மெல்லிய நைலான் துணியை இரட்டையாக எடுங்கள். 16 செ.மீ. நீளம், 14 செ.மீ. அகலம். நான்கு மூலையிலும் 2 செ.மீ. கொசுவிப் பிடித்துத் தைத்தால் கிண்ணமாகக் குழியும். பலூனை வைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் உள்ளே அமிழ்ந்திருக்க வேண்டும். தையல் மடிப்பெல்லாம் வெளிப்பக்கம் வரட்டும்; உள்ளே ஒரு முடிச்சு நின்றாலும் அது ஊசிதான். நடுவில் 5 மி.மீ. கண்துளை ஒன்று போட்டால் தேங்கும் தண்ணீர் வடியும், ஈரப்பலூன் துணியோடு ஒட்டிக்கொள்வதும் குறையும்.

அடுத்தது, தூளியைப் பலூனோடு சேர்த்துக் கிள்ளி இழுக்கிறீர்களா? கல் கவட்டைப் பழக்கம் அது, இதற்கு ஆகாது. விரல் அழுத்துவதாலேயே பாதி உடையும். தூளியின் முதுகில் 25 மி.மீ. நைலான் நாடாவால் இரண்டு விரல் நுழையும் வளையம் ஒன்று தைத்து, அதை மட்டும் பிடித்து இழுக்க வேண்டும். இந்த நாடா ஒரு பக்கத்து ட்யூப் முனையிலிருந்து தூளியின் முதுகு வழியாக மறுபக்கம் வரை ஒரே துண்டாக ஓடட்டும். அப்போது இழுவை முழுவதையும் நாடா வாங்கிக்கொள்ளும், மெல்லிய துணி பலூனை ஏந்துவதோடு சரி.

கேள்வி: பலூனில் காற்றுக்குமிழி இருந்தால் பரவாயில்லையா? முடிச்சு எந்தப் பக்கம்?

குமிழியை வெளியேற்றிவிட்டுக் கட்டுங்கள். இருந்தால் தண்ணீர் உள்ளே அலைந்து பலூன் தள்ளாடிக்கொண்டே போகும். முடிச்சு முன்பக்கம், அதாவது பலூன் போகும் திசையில் இருக்கட்டும். பின்னால் வைத்தால் 4 கிலோ அழுத்தத்தில் அந்தக் கடினமான முண்டு சவ்வுக்கும் துணிக்கும் நடுவே சிக்கும்.

குறைவாக நிரப்பினால் எதிர்த் தொல்லை. தொளதொளப்பான பலூன் தரையில் விழுந்தும் உடையாமல் குதித்து ஓடும். தொட்டால் இறுக்கமாக, ஆனால் நிறம் வெளுத்துக் கண்ணாடிபோல் ஆகாமல் இருக்கிற நிலையே சரி.

கேள்வி: சட்டம் எதில் செய்வது? மரக்கவட்டை போதாதா?

மரக்கவட்டை பலமானதுதான், அகலம் போதாது. 6 செ.மீ. பலூன், தூளி, கை நடுக்கம் எல்லாம் கழித்து இரு கொம்புகளுக்கு நடுவே 16 செ.மீ. இடைவெளி வேண்டும். அதற்குக் குறைந்தால் பலூன் கொம்பில் மோதி உங்கள் முகத்திலேயே கொட்டும்.

முக்கால் அங்குல பிவிசி பைப் போதும். நடுவில் ஒரு டி (மூன்று வாய் உள்ள பைப் இணைப்பு), அதன் கீழ்வாயில் பிடிக்கு 13 செ.மீ. துண்டு. இருபுறமும் கிடைத்துண்டு, அவற்றின் நுனியில் எல்போ (வளைவு இணைப்பு), அதிலிருந்து மேலே 11 செ.மீ. கொம்பு. கிடைத்துண்டின் நீளத்தை நான் சொல்வதைவிட, உங்களிடம் உள்ள எல்போவை மாட்டிப் பார்த்து, கொம்புகளுக்கிடையே 16 செ.மீ. வரும்படி அறுத்துக்கொள்வது நல்லது. கம்பெனிக்குக் கம்பெனி எல்போ அளவு மாறும்.

எல்போ, கிடைத்துண்டு எல்லாவற்றையும் பிவிசி பசை போட்டு ஒரு நாள் காயவிடுங்கள். பசையில்லாமல் செருகினால் இழுக்கும்போது கொம்பு பின்பக்கம் சுழன்று சாயும். கழற்றி எடுத்துப் போக வேண்டிய பிடியை மட்டும் ஒட்டாமல், டியையும் பிடியையும் ஊடுருவும் 6 மி.மீ. போல்ட்டும் விங் நட்டும் போடுங்கள். கழற்றினால் பை ஓரத்தில் செருகலாம்.

ட்யூப் மாட்ட, கொம்பின் நுனியிலிருந்து 2 செ.மீ. கீழே முன்பின்னாக 6.5 மி.மீ. துளை. ட்யூப்பை முன்பக்கமிருந்து நுழைத்துப் பின்னால் எடுத்து, முன்பக்கத்து நுனிக்குள் 6 மி.மீ. மணி ஒன்றைத் தள்ளிவிட்டால் இழுக்க இழுக்க அதுவே அடைத்துக்கொள்ளும். மணிக்குப் பின்னால் பருத்தி நூலால் ஒரு சுற்றுக் கட்டு. துளையின் விளிம்பைப் பெரிய டிரில் பிட்டைக் கையால் திருகி மழுக்காவிட்டால் ட்யூப் அறுவது அந்த இடத்தில்தான். நைலான் நூல் ரப்பரை வெட்டும், வேண்டாம்.

கேள்வி: அண்ணா, என் மகளுக்கு 11 வயது. இழுக்க முடிகிறது, ஆனால் பிடித்த கையின் மணிக்கட்டு பின்னால் மடிகிறது. கைத்தாங்கி வைத்தும் பயனில்லை. முன்கைக்கு அடியில் பட்டை ஓடுகிறது.

பட்டை தவறான பக்கத்தில் இருக்கிறது. ட்யூப் கட்டிய இடம் கைமுட்டியின் நடுவிலிருந்து 13 செ.மீ. உயரத்தில் இருப்பதால் சட்டத்தின் தலை அவளை நோக்கிச் சாயப் பார்க்கும். தலை பின்னால் சாய்ந்தால், பின்னோக்கி நீளும் தாங்கி கீழ்நோக்கி இறங்கும். அதனால் அது முன்கையின் மேல்பக்கத்தில் படிந்திருந்தால்தான் எதிர்முட்டுக் கொடுக்கும். அடியில் ஓடும் பட்டை வெறும் அலங்காரம்.

8 மி.மீ. கம்பியை யு வடிவில் வளைத்துத் தரச் சொல்லுங்கள், வெல்டிங் பட்டறையில் உடனே செய்து கொடுப்பார்கள். கால்கள் இரண்டும் முன்கையின் இருபுறமும் 20 செ.மீ. பின்னோக்கி ஓட வேண்டும். முனைகளில் மரை போட்டு, கிடைத்துண்டுகளை முன்பின்னாகத் துளைத்து வாஷரும் நட்டும் வைத்து இறுக்குங்கள். பின்முனையில் 4 செ.மீ. அகலப் பட்டை, முன்கையின் மேலே. அதில் விழுவது மூன்று கிலோ போலத்தான், அகலப் பட்டை என்பதால் வலிக்காது. இன்னும் கனமாக இருந்தால் ட்யூப்பின் நீளத்தை 24 செ.மீ. ஆக்குங்கள். அதே 60 செ.மீ. இழுப்பில் இழுவை தணியும்.

கேள்வி: 3டி பிரிண்டரில் அடிக்கலாமா?

அடிக்கலாம். சட்டத்தைத் தட்டையாகப் படுக்கவைத்து அடியுங்கள். நிற்கவைத்து அடித்தால் கொம்பு அடுக்குப் பிரிந்து முறியும், முறிந்த துண்டு ட்யூப்போடு முகத்துக்கே வரும். பிரிண்டரில் வழக்கமாகப் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் சுமார் 60 பாகை செல்சியஸில் இளகும், வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் வளைந்துவிடும். பிஇடிஜி என்ற பிளாஸ்டிக் பரவாயில்லை.

கேள்வி: அப்பா மாதிரி பலமான ஆள் இழுத்தால் எல்லை மீறிவிடாதா? பிள்ளைகள் கல்லை வைத்து அடித்தால்?

முதலாவதற்கு வழி உண்டு. சட்டத்தின் டியிலிருந்து தூளியின் நாடா வரை நீளாத கயிறு ஒன்று. 60 செ.மீ. இழுத்ததும் அது விறைத்து நிற்க வேண்டும். யார் இழுத்தாலும் அதற்கு மேல் வராது.

இரண்டாவதற்கு முழுமையான வழி இல்லை. 10 கிராம் கூழாங்கல் இதே ட்யூப்பில் நொடிக்கு 25 மீட்டரைத் தாண்டிப் போகும், அதாவது மணிக்கு 90 கி.மீ.க்கு மேல். எடை குறைய வேகம் ஏறும். தூளியைக் கனமாக்கினால் கல்லின் வேகம் குறையும்தான், ஆனால் கனத்த தூளி திரும்பி வந்து பிடித்த கையை அடிக்கும். அதனால் விளையாட்டு முடிந்ததும் ட்யூப்பைக் கழற்றிப் பெரியவர் கையில் வைத்துக்கொள்வதுதான் நடக்கிற காரியம். காந்தம் வைத்த, மீண்டும் மீண்டும் நிரப்பும் சிலிக்கான் பந்துகளையும் இதில் வைக்கக் கூடாது. அவற்றின் ஓரம் தடிப்பு, காந்தம் கடினம்.

எதிரே ஆள் நிற்கக் கூடாது. வாளி, தரையில் போட்ட வட்டம், தொங்கவிட்ட தகரம், இப்படி இலக்கு வைத்து ஆடுங்கள். தெருப் பக்கம் திருப்பவே திருப்பாதீர்கள். இருசக்கர வண்டி ஓட்டுபவர்மேல் 100 கிராம் தண்ணீர் விழுந்தால் ஆளே சாய்வார். இழுப்பவர் கண்ணைக் காக்கும் கண்ணாடி போட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கொம்பில் ட்யூப் கட்டிய இடத்தை நீட்டிப் பாருங்கள். அங்கே அறுந்தால் ட்யூப் முகத்தை நோக்கி வரும்.

கேள்வி: ட்யூப் இரண்டே மாதத்தில் பிசுபிசுத்துப் போனது. ஏன்?

மொட்டை மாடியில் காயப்போட்டிருப்பீர்கள், அல்லது எண்ணெய்க் கை பட்டிருக்கும். வெயிலும் எண்ணெயும் லேடெக்ஸைக் கரைத்துத் தின்னும். பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, முகப்பவுடர் தூவி, டப்பாவில் இருட்டில் வைக்கவும். மேற்பரப்பில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள், தைக்கவோ ஒட்டவோ முயலாதீர்கள்.

கேள்வி: இதைச் செய்து பொம்மையாக விற்கலாமா, ஐயா?

இந்தியாவில் பொம்மைகளுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) உரிமமும் ஐஎஸ்ஐ முத்திரையும் இல்லாமல் 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மை விற்க முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல், உண்டிவில்லைப் பொம்மையாகவே பல நாடுகள் ஏற்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டுப் பொம்மைப் பாதுகாப்பு நெறிமுறை கவண், உண்டிவில் வகைகளைத் தன் வரம்பிலிருந்தே வெளியே வைத்திருக்கிறது. அமெரிக்கப் பொம்மைத் தரமான ஏஎஸ்டிஎம் எஃப்963யும் அப்படியே. "பொம்மை" என்ற பெயரில் அட்டை அச்சடிக்கும் முன் பிஐஎஸ் கிளை அலுவலகத்தில் உங்கள் மாதிரியைக் காட்டி, எந்த வகையில் வருகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். வீட்டுக்கு ஒன்று செய்துகொள்ள இதெல்லாம் தேவையில்லை.

கேள்வி: உடைந்த பலூன் துண்டுகள்?

அன்றே பொறுக்கிவிட வேண்டும். இயற்கை லேடெக்ஸ் மட்கும் என்று பாக்கெட்டில் போட்டிருந்தாலும் மட்க மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் ஆடோ நாயோ தின்றுவிடும். சின்னக் குழந்தை வாயில் போட்டால் மூச்சடைக்கும். பலூனை எண்ணி நிரப்பினால், எத்தனை முடிச்சு பொறுக்க வேண்டும் என்று கணக்கும் தெரியும். ஒரு பலூனுக்கு ஒரு முடிச்சு.