வீட்டு முகப்பில் பாட்டுக்கு ஆடும் விளக்குகள் போட, ஒயரிங்கையும் கன்ட்ரோலரையும் எப்படித் திட்டமிடுவது?

கேள்வி கேட்டவர் டெக்சஸில் புதிதாக வீடு வாங்கியிருக்கிறார். வரும் கிறிஸ்துமஸுக்குச் சுமார் 3000 பிக்சல் (தனித்தனியே நிறம் மாற்றக்கூடிய குட்டி எல்இடி பல்பு) போட ஆசை, எந்தக் கன்ட்ரோலர் (எந்தப் பல்பு எப்போது எந்த நிறத்தில் எரிய வேண்டும் என்று கட்டளை அனுப்பும் பெட்டி) வாங்கலாம் என்று கேட்கிறார். நான் இருப்பதும் டல்லஸ் பக்கம்தான். தீபாவளிக்கு ஏற்றினால் புத்தாண்டு வரை எரியும், இது ஐந்தாவது வருடம்.

கன்ட்ரோலரை விடுங்கள், அது கடைசியில். நான் அதைத்தான் முதலில் வாங்கினேன், பிறகு அதற்கேற்ப வீட்டை வளைக்கப் பார்த்தேன். படுத்தி எடுத்துவிட்டது.

இந்தப் பைத்தியம் பரவக் காரணமானவர்களில் ஒருவர் ஒஹாயோவின் மேசன் ஊர்க்காரரான கார்சன் வில்லியம்ஸ், எலக்ட்ரிகல் எஞ்சினியர். 2004-இல் அவர் போட்ட காட்சியின் வீடியோ மறு வருடம் இணையமெங்கும் சுற்றியது. 16,000 பல்புகள், ஆனால் 88 சேனல்தான். அப்போது ஒரு சேனல் என்றால் ஒரு சரம் முழுக்க எரியும் அல்லது அணையும். இன்று ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல். உங்கள் 3000 பிக்சலுக்கு 9000. இத்தனையையும் மென்பொருள் அலுங்காமல் சமாளித்துவிடும். கரண்டும் ஒயரும்தான் சமாளிக்காது.

அதனால் முதலில் வீட்டை எதிரில் நின்று ஒரு போட்டோ எடுத்து, பிரின்ட் போட்டு, பேனாவால் கோடு போடுங்கள். உதாரணத்துக்கு: கூரை விளிம்பு 900, ஜன்னலும் கதவும் 500, நடைபாதையில் ஆறு வளைவுகள் 600, மெகா ட்ரீ (கம்பத்தின் உச்சியிலிருந்து சரங்களைக் கூம்பாக இழுத்துக் கட்டிய மரம்) 16 சரம் ஐம்பது ஐம்பதாக 800, உச்சியில் நட்சத்திரம் 200. ஆயிற்று 3000. ஒவ்வொன்றும் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று அம்புக்குறி போடுங்கள். அந்த அம்புக்குறிதான் பிற்பாடு போர்ட் (கன்ட்ரோலரில் சரத்தைச் சொருகும் வாய்) எண் ஆகப்போகிறது.

அடுத்து கரண்ட். 12 வோல்ட் புல்லட் பிக்சல் ஒன்று முழு வெள்ளையில் ஏறக்குறைய 0.66 வாட் இழுக்கும். 3000-க்கு ஏறக்குறைய 2000 வாட். அமெரிக்க வீட்டின் 15 ஆம்பியர் சர்க்யூட்டில் தொடர்ந்து இழுக்கலாம் என்பது 80 சதவீதம்தான், அதாவது 12 ஆம்பியர், 1440 வாட். அப்படியென்றால் ஒரு சர்க்யூட் போதாதா? போதும். ஏனென்றால் யாரும் முழு பிரகாசத்தில் எரிப்பதில்லை, எரித்தால் எதிர்வீட்டுக்காரர் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் திட்டுவார். 30 சதவீதமே கண்ணைக் கூசும். அந்தக் கணக்கில் 600 வாட், பவர் சப்ளையின் இழப்பையும் சேர்த்தால் சுவரில் 700 வாட் வாக்கில். ஆனால் அந்த 30 என்ற வரம்பைக் கன்ட்ரோலரிலேயே வையுங்கள். பாட்டுக்கு எழுதும் கோப்பில் மட்டும் வைத்தால், யாராவது டெஸ்ட் பட்டனை அமுக்கி எல்லாவற்றையும் வெள்ளையாக்கும் நாளில் பிரேக்கர் விழும்.

பவர் சப்ளைக்கு நான் வைத்திருப்பது மீன்வெல் எல்ஆர்எஸ்-350, 12 வோல்ட், 29 ஆம்பியர். அதை முழுசாகக் கசக்காமல் 280 வாட் வரை என்று கணக்கு வையுங்கள், மூன்று தேவைப்படும். பக்கவாட்டில் 115/230 என்று ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும். இங்கே 115. சென்னையில் டெஸ்ட் செய்து பார்க்கிற ஆசை இருந்தால் முதலில் அந்த ஸ்விட்சைப் பாருங்கள், 115-இல் விட்டுவிட்டு 230-இல் சொருகினால் ஒரு சத்தம், ஒரு புகை, அவ்வளவுதான்.

12 வோல்ட்டா 5 வோல்ட்டா என்று பெரிய சண்டையே உண்டு. முதல் வருடம் நான் 5 வோல்ட் வாங்கினேன். மின்சாரம் மிச்சமாகும் என்று படித்திருந்தேன், அது உண்மையும்கூட, 12 வோல்ட் பிக்சல் தன் பங்கில் பெரும்பகுதியைச் சூடாகவே வீணாக்கும். கூரையில் ஏறி எல்லாம் கட்டி முடித்து இரவில் வெள்ளை போட்டேன். கராஜ் மேலே வெள்ளை, நடுவில் மஞ்சள், அந்தக் கோடியில் செங்கல் நிறம். என் மனைவி கீழே நின்று, "சூரிய அஸ்தமனம் நல்லா இருக்கு" என்றாள். காரணம் எளிது: நீல, பச்சை எல்இடிக்கு 3 வோல்ட் வாக்கில் வேண்டும், சிவப்புக்கு 2 போதும். வழியில் வோல்டேஜ் குறையக் குறைய நீலமும் பச்சையும் முதலில் மங்கும், சிவப்பு மட்டும் நிற்கும்.

எவ்வளவு குறையும் என்று கையாலேயே போட்டுப் பாருங்கள். 18 கேஜ் ஒயருக்கு ஆயிரம் அடிக்கு 6.4 ஓம். 20 அடி தள்ளிக் கொண்டுபோனால் போக வர 40 அடி, கால் ஓம். அதில் 4 ஆம்பியர் ஓடினால் 1 வோல்ட் போச்சு. 12-இல் ஒன்று போனால் தெரியாது. 5-இல் ஒன்று போனால் அஸ்தமனம். அதனால் வீட்டு முகப்புக்கு 12 வோல்ட்தான் என் கட்சி. அதிலும் நீளமான ஓட்டத்துக்கு நடுவில் தனி ஒயர் வழியாகப் பவரை மறுபடி கொடுக்க வேண்டும். எனக்கு 30 சதவீதத்தில் 200 பிக்சலுக்கு ஒருமுறை கொடுத்தது போதுமானதாக இருந்தது. இரண்டு சப்ளைகள் சந்திக்கும் இடத்தில் மைனஸ் சேரட்டும், பிளஸ் சேரவே கூடாது.

இப்போது டேட்டா. டபிள்யூஎஸ் 2811 என்ற சிப் உள்ள பிக்சல்கள் வேலை செய்வது பந்தியில் இலைக்கட்டைக் கைமாற்றுவது போல. முதல் ஆள் மேலே உள்ள இலையை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்தவரிடம் தள்ளுவார். இங்கே ஒரு இலை 24 பிட், எடுத்துக்கொள்ள 30 மைக்ரோ செகண்ட். நொடிக்கு 40 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 25 மில்லி செகண்ட், ஆக ஒரு போர்ட்டில் 800 பிக்சல் வரை தாங்கும். பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண் இந்த டேட்டா கணக்குதான், கரண்ட் கணக்கு வேறு. போர்ட்டின் 5 ஆம்பியர் ஃபியூஸ் முழு வெள்ளையில் 90 பிக்சலுக்கும், 30 சதவீதத்தில் 300-க்கும்தான் ஆகும். பந்தியில் ஒருவர் தூங்கிவிட்டால் அவருக்கு அப்புறம் யாருக்கும் இலை கிடையாது என்பதையும் மறக்காதீர்கள். 800 பிக்சலை ஒரே போர்ட்டில் கோர்த்து, ஏழாவது பிக்சல் செத்தால் அதோடு சேர்த்து 794 இருட்டு. போர்ட்டைத் தாராளமாகப் பிரியுங்கள்.

ஆக உங்களுக்கு வேண்டியது 16 போர்ட் கன்ட்ரோலர் ஒன்று. ஃபால்கன், கல்ப் என்ற இரண்டு பிராண்டுமே நன்றாக உழைக்கின்றன. கராஜ் சுவரில் அது நிற்கட்டும், கூரையும் ஜன்னலும் அதிலிருந்தே. புல்வெளியின் கோடியில் இருக்கும் மெகா ட்ரீக்கு டேட்டா ஒயரை நேரடியாக 60 அடி இழுத்தால் மினுக்மினுக்கென்று பைத்தியம் பிடிக்கும். அங்கே டிஃபரென்ஷியல் ரிசீவர் (டேட்டாவைத் தூரத்தில் கெடாமல் வாங்கிக்கொள்ளும் சிறு போர்டு) வையுங்கள், ஒரு கேட்5 ஒயரில் நான்கு போர்ட் போய்ச் சேரும். ஆனால் அது நெட்வொர்க் கேபிள் மாதிரி இருக்கும், நெட்வொர்க் இல்லை. அந்த நுனியை ரௌட்டரில் சொருகினால் இரண்டில் ஒன்று போகும். நான் அந்த ஒயருக்கு மட்டும் சிவப்பு நிறம் வாங்குகிறேன்.

கனெக்டர்களில் ஒரே வகையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை மாறாமல் இருங்கள். ஒயர் நிறத்தை நம்பாதீர்கள். ஒரே மாதிரி தெரிந்த இரண்டு பார்சல்களில் ஒன்றில் சிவப்பு பிளஸ், மற்றதில் மைனஸ் வந்து ஐம்பது பிக்சலை எனக்கு ஒரே நொடியில் சமாதி கட்டியிருக்கிறது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் இப்போது எதையும் சொருகுகிறேன்.

மழை இன்னொரு ஆசிரியர். இரண்டாம் வருடம் வாசலில் நான்கைந்து கார் நிற்கும்போது வெளி பிளக் பாயின்ட்டின் ஜிஎஃப்சிஐ (மின்கசிவு கண்டால் கரண்டை நிறுத்துவது, நம் ஊர் ஆர்சிசிபியின் தம்பி) விழுந்து மொத்தமும் அணைந்தது. ஒவ்வொரு பிக்சலாக நனைந்திருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். தப்பு. 12 வோல்ட் பக்கம் நனைந்ததற்கெல்லாம் அது விழாது. குற்றவாளி, புல்லுக்குள் கிடந்த 120 வோல்ட் எக்ஸ்டென்ஷன் கார்டின் இணைப்பு. இன்சுலேஷன் டேப்பை வேறு இறுக்கிச் சுற்றியிருந்தேன், அது தண்ணீரை வெளியே விடாமல் உள்ளேயே வைத்திருந்தது. இப்போது மெயின்ஸ் கராஜைத் தாண்டினால் ஒரே ஒரு கார்டில்தான், இணைப்புகள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒயர் கீழே தொங்கி மேலே ஏறும்படி. சொட்டும் தண்ணீர் அந்தத் தொங்கலில் விழுந்துவிடும்.

மென்பொருள் சுலபம். பாட்டுக்கேற்ப விளக்குகளை ஆட்டுவிக்கும் கோப்பை எழுத எக்ஸ்லைட்ஸ் இலவசம், போர்ட் விவரத்தை அதிலேயே எழுதிக் கன்ட்ரோலருக்கு அனுப்பிவிடலாம். காட்சியை ஓட்ட ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் ஃபால்கன் பிளேயர் என்ற மென்பொருள், லேப்டாப் தேவையில்லை. கன்ட்ரோலருக்கு ஒயர்தான், வைஃபையில் டேட்டா அனுப்பாதீர்கள். பாட்டுக்கு வெளியே ஸ்பீக்கர் வைத்தால் தெருவே எதிரியாகும். சிறு எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வையுங்கள், உரிமம் இல்லாமல் அனுமதிக்கப்பட்ட சக்தியில் 200 அடி போகும், கார்க்காரர்களுக்கு அது போதும்.

பிக்சல்களைக் கோடையிலேயே ஆர்டர் செய்துவிடுங்கள், சீனாவிலிருந்து கப்பலில் வந்தால் வாரக்கணக்காகும். ஜனவரியில் கழற்றும் முன் ஒவ்வொரு ஒயரின் இரு நுனியிலும் போர்ட் எண்ணைக் குறியுங்கள். மார்க்கரில் எழுதினால் டெக்சஸ் வெயிலில் அழிந்துவிடும். நான் கல்லூரியில் மனப்பாடம் செய்த ரெசிஸ்டர் கலர் கோடில் நிற டேப் சுற்றுகிறேன்: பழுப்பும் சிவப்பும் என்றால் 12-ஆம் போர்ட்.