டேட்டாபேஸ் நிறுவியாச்சு, அப்புறம்?

கேள்வி: டேட்டாபேஸ் மென்பொருளை நிறுவினேன். 'வெற்றிகரமாக முடிந்தது' என்று செய்தியும் வந்தது. ஆனால் திறந்து பார்க்க ஒன்றையும் காணோம். பாதிதான் ஏறியிருக்கிறதா?

பதில்: முழுதாகத்தான் ஏறியிருக்கும். கணக்கு மென்பொருள் போல இதற்கென்று ஒரு திரை கிடையாது. பின்னணியில் சத்தமில்லாமல் ஓடும் சர்வீஸ் இது. விண்டோஸில் சர்வீசஸ் பட்டியலைத் திறந்தால் அதன் பெயரும், ஓடுகிறதா நின்றுபோயிருக்கிறதா என்பதும் தெரியும். கண்ணால் பார்த்து வேலை செய்ய இன்னொரு மென்பொருள் வேண்டும். எது என்பது நீங்கள் நிறுவிய டேட்டாபேஸைப் பொறுத்தது: மைஎஸ்க்யூஎல்லுக்கு வொர்க்பெஞ்ச், போஸ்ட்கிரெஸுக்கு பிஜிஅட்மின், எஸ்க்யூஎல் சர்வருக்கு மேனேஜ்மென்ட் ஸ்டூடியோ. மூன்றுமே இலவசம். உங்களுக்கு வந்த பில்லில் இவற்றின் பெயரில் தனியாக ஒரு தொகை இருந்தால், அது எதற்கு என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நிறுவிய கணினியில் நன்றாக வேலை செய்கிறது. பக்கத்துக் கணினியிலிருந்து முயன்றால் இணைப்பு கிடைப்பதில்லை. பழுதான மென்பொருளா?

பதில்: பழுது இல்லை, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். போஸ்ட்கிரெஸ் நிறுவியவுடன் பெரும்பாலும் தன் சொந்தக் கணினியிலிருந்து வரும் அழைப்பை மட்டுமே கேட்கும். எஸ்க்யூஎல் சர்வரின் இலவசமான எக்ஸ்பிரஸ் எடிஷனில், பிற கணினிகள் நெட்வொர்க் வழியே பேசும் டிசிபி வழி மூடியே இருக்கும். நாம்தான் அதோடு வரும் கான்ஃபிகரேஷன் மேனேஜரில் போய்த் திறந்து, சர்வீஸை ஒரு முறை நிறுத்தி ஓடவிட வேண்டும்.

எங்கே தடை என்பதைப் பிழைச் செய்தியே சொல்லிவிடும். 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று உடனே வந்தால், அந்த டேட்டாபேஸுக்கான போர்ட்டில் (கணினிக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல்) எந்த சர்வரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நீண்ட நேரம் சுற்றிவிட்டு 'நேரம் முடிந்தது' என்று வந்தால் பெரும்பாலும் ஃபயர்வால் என்ற நெட்வொர்க் தடுப்புதான் காரணம். பாஸ்வேர்டு தவறு என்று வந்தால் சந்தோஷப்படுங்கள், சர்வர் வரை போய்விட்டீர்கள். மைஎஸ்க்யூஎல்லுக்கு 3306, போஸ்ட்கிரெஸுக்கு 5432, எஸ்க்யூஎல் சர்வருக்கு 1433, ஆரக்கிளுக்கு 1521 என்பவை வழக்கமான போர்ட் எண்கள்.

திறக்கும்போது அலுவலக நெட்வொர்க்குக்கு மட்டும் திறங்கள். 'எதற்கு வம்பு, எல்லாருக்கும் திறந்துவிடுகிறேன்' என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். 2017 தொடக்கத்தில் பாஸ்வேர்டு இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோடிபி (இதுவும் ஒரு டேட்டாபேஸ் மென்பொருள்) தரவுத்தளங்களை அழித்துவிட்டு, திருப்பித் தரப் பணம் கேட்டார்கள் ஹேக்கர்கள். பணம் கொடுத்தவர்களுக்கும் தரவு திரும்பக் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இருக்கவில்லை.

கேள்வி: அட்மின் பாஸ்வேர்டு மறந்துவிட்டது. நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால் போதுமா?

பதில்: வேண்டாம். மென்பொருளை நீக்கினாலும் தரவு இருக்கும் ஃபோல்டர் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும். மறுபடி நிறுவும்போது அதே ஃபோல்டரை எடுத்துக்கொண்டால் பழைய பாஸ்வேர்டையே கேட்கும். எரிச்சலில் அந்த ஃபோல்டரை அழித்தால் தரவும் போய்விடும். கணினியின் நிர்வாகியாக உள்ளே நுழைந்து பாஸ்வேர்டை மாற்ற எல்லா டேட்டாபேஸுக்கும் வழி உண்டு. அந்த நேரத்தில் பாஸ்வேர்டு சோதனையைத் தளர்த்தியிருப்பீர்கள். வேலை முடிந்ததும் பழையபடி இறுக்கிவிடுங்கள். லினக்ஸில் போஸ்ட்கிரெஸ் நிறுவியவர்கள் இல்லாத பாஸ்வேர்டைத் தேடி அலைவதும் உண்டு. அங்கே 'போஸ்ட்கிரெஸ்' என்ற பெயரிலேயே ஒரு கணினிப் பயனர் இருப்பார், அவராக மாறினால் பாஸ்வேர்டு கேட்காமலே உள்ளே விடும்.

கேள்வி: இலவச எடிஷனைத்தான் நிறுவியிருக்கிறேன். 'தொழிலுக்கு இது ஆகாது, கட்டண எடிஷன் வாங்குங்கள்' என்கிறார் விற்பனையாளர். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: 'எந்த வரம்பை நான் தாண்டப் போகிறேன்?' என்று அவரிடம் திருப்பிக் கேளுங்கள். பதில் எண்ணாக வர வேண்டும். 'பாதுகாப்பு', 'வேகம்' என்று பொத்தாம் பொதுவாக வந்தால் பர்ஸை எடுக்காதீர்கள்.

எண்கள் இவை. எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் 2022 பதிப்பில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபி வரை வளரலாம். 2025 பதிப்பில் அதை 50 ஜிபி ஆக்கிவிட்டார்கள். ஆரக்கிளின் இலவச எடிஷனில் 12 ஜிபி தரவு, 2 ஜிபி நினைவகம். ஒரு பதிவுக்கு 500 பைட் என்று வைத்தால் 10 ஜிபியில் 2 கோடிப் பதிவுகள் அடங்கும். தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸுக்குப் பாதி இடம் போனாலும் 1 கோடி. ஒரு சிறு நிறுவனம் அதை நிரப்பப் பல வருடம் ஆகும். ஸ்கேன் செய்த படங்களை டேட்டாபேஸுக்குள்ளேயே திணிப்பவர்கள்தான் சீக்கிரம் முட்டிக்கொள்வார்கள். எக்ஸ்பிரஸில் உண்மையிலேயே உறுத்தும் குறை வேறு: குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் ஏஜென்ட் அதில் இல்லை. தினசரி பேக்கப்பை விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் நீங்களே அமைத்துக்கொள்ள வேண்டும்.

போஸ்ட்கிரெஸின் லைசென்ஸில் இப்படி எந்த அளவுக் கட்டுப்பாடும் இல்லை, தொழிலுக்கும் இலவசம். மைஎஸ்க்யூஎல் கம்யூனிட்டி எடிஷனையும் உங்கள் சொந்த உபயோகத்துக்குத் தாராளமாக ஓட்டலாம். மூல நிரல் தராத உங்கள் பொருளோடு அதைச் சேர்த்து விற்கப் போகிறீர்கள் என்றால்தான் லைசென்ஸைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 'இலவசம்' என்று இறக்கியது எந்த எடிஷன் என்று பாருங்கள். எஸ்க்யூஎல் சர்வரின் டெவலப்பர் எடிஷனில் எல்லா வசதியும் உண்டு, ஆனால் உருவாக்கவும் சோதிக்கவும் மட்டுமே அனுமதி. அதில் நிஜ வியாபாரத்தை ஓட்டுவது லைசென்ஸ் மீறல். இவாலுவேஷன் எடிஷன் 180 நாள் கழித்து நின்றுவிடும். ஆரக்கிள் என்டர்பிரைஸில் ஒரு நுணுக்கம்: செயல்திறனை ஆராயும் டயக்னாஸ்டிக்ஸ் பேக் நிறுவும்போதே கூடவே வந்து இயங்கும் நிலையில் இருக்கும், ஆனால் பயன்படுத்தத் தனி லைசென்ஸ் வேண்டும். தெரியாமல் தொட்டாலும் தணிக்கையில் அது கணக்கில் வந்துவிடும்.

கடைசியில் வாங்குவது என்றே முடிவானால், விலை ஆளுக்கா, கோருக்கா (பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதி) என்பதை எழுத்தில் வாங்குங்கள். எஸ்க்யூஎல் சர்வரை கோர் கணக்கில் எடுத்தால், ஒரு பிராசசருக்குக் குறைந்தது 4 கோர் லைசென்ஸ் வாங்கியாக வேண்டும். இரண்டு கோர்தான் இருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை.

கேள்வி: எஸ்க்யூஎல் சர்வர் கணினியின் நினைவகத்தை முழுக்க விழுங்குகிறது. நினைவகம் கூடுதலாக வாங்கிப் போடலாமா?

பதில்: அதையும் விழுங்கும். வட்டில் இருப்பதை நினைவகத்தில் வைத்துக்கொண்டால் வேகம் என்பது அதன் கணக்கு. உச்ச வரம்பு போடாதவரை எடுத்துக்கொண்டே போகும். வரம்பை நீங்கள் போடுங்கள். மைஎஸ்க்யூஎல்லும் போஸ்ட்கிரெஸும் நேர்மாறு. முக்கிய நினைவக அமைப்பு இரண்டிலும் 128 எம்பியில்தான் தொடங்குகிறது. மெதுவாக இருக்கிறது என்று புதுக் கணினி வாங்கும் முன் அந்த எண்ணை உயர்த்திப் பாருங்கள்.

கேள்வி: தமிழில் உள்ளிட்ட பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகத் தெரிகின்றன.

பதில்: எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு 3 பைட் தேவை. பழைய மைஎஸ்க்யூஎல் பதிப்புகளின் முன்னிருப்பான லத்தீன்1 தொகுப்பில் தமிழுக்கு இடமே இல்லை, அதனால்தான் கேள்விக்குறி. 8.0 முதல் முன்னிருப்பு யூடிஎஃப்8எம்பி4, அதில் சிக்கல் வராது. எஸ்க்யூஎல் சர்வரில் நெடுவரிசை எல்லா மொழிகளையும் ஏற்கும் என்வார்ச்சார் வகையாக இருப்பது மட்டும் போதாது, வினவலில் நேரடியாக எழுதும் தமிழ்ச் சொல்லுக்கு முன்னால் ஆங்கில 'என்' எழுத்தும் வேண்டும். ஏற்கெனவே கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டவை திரும்பாது, மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதுதான்.

கேள்வி: தினமும் தரவு ஃபோல்டரை நகலெடுத்து வைக்கிறேன். பேக்கப்புக்கு இது போதும்தானே?

பதில்: சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த நகல் என்றால் போதாது. நகல் முடிவதற்குள் ஒரு கோப்பு மாறியிருக்கும், இன்னொன்று மாறியிருக்காது. திறக்கும் நாளில் ஒன்றோடொன்று பொருந்தாது. டேட்டாபேஸோடு வரும் பேக்கப் கருவியையே பயன்படுத்துங்கள். எடுத்ததை வேறொரு கணினியில் திரும்ப ஏற்றியும் பாருங்கள். மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஓர் ஊழியர் தவறுதலாக நிஜத் தரவை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால் இல்லை. சர்வர் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் கருவியோ 9.2; பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது, தோற்றது என்ற மின்னஞ்சலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறு காரணத்துக்காக 6 மணி நேரம் முன்பு ஒருவர் எடுத்து வைத்த நகல்தான் காப்பாற்றியது. நானும் ஒரு முறை மாதக்கணக்கில் தவறாமல் எடுத்து வந்த பேக்கப் கோப்பைத் திறந்தபோது அதன் அளவு 0 பைட். பாஸ்வேர்டை மாற்றியிருந்தேன், பேக்கப்புக்கு மட்டும் அதைச் சொல்லவில்லை.