தம்பி கண்டெடுத்த 'மறைக்கப்பட்ட' நற்செய்தி

கேள்வி: நாங்கள் பரம்பரைக் கத்தோலிக்கர்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பி இப்போது பூசைக்குப் போவதில்லை. தான் ஒரு நாஸ்டிக், ஞானவாதி என்கிறான். "உலகத்தைப் படைத்தவன் போலிக் கடவுள், தோமா நற்செய்தியில் எல்லாம் இருக்கிறது, ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் நைசியா சங்கத்தில் அதை மறைத்துவிட்டான்" என்று வாதாடுகிறான். இணையத்தில் யாரிடமோ பணம் கட்டி 'உள்வட்டப் பயிற்சி' வேறு. அப்பாவின் நினைவுப் பூசைக்கும் வரமாட்டானாம். அம்மா உடைந்துபோயிருக்கிறார். என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், நாகர்கோவில்

பதில்: உங்கள் தம்பி பிடித்திருப்பது நேற்று முளைத்த சங்கதி இல்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே ரோமிலும் எகிப்திலும் கிறிஸ்தவர்களுக்குள் இந்தப் போக்கு இருந்தது. உண்மைக் கடவுள் எட்டாத உயரத்தில் இருக்கிறார். சோஃபியா என்ற தெய்வ சக்தியின் தடுமாற்றத்தில் பிறந்த யால்தபோத் இந்த உலகத்தைச் செய்துவிட்டு "நானே கடவுள்" என்கிறான். நமக்குள் சிக்கிய ஒளிப்பொறியை அறிவதே விடுதலை. குழுவுக்குக் குழு மாறினாலும் கதை ஏறக்குறைய இதுதான். சாவையும் நோயையும் பார்த்து "நல்ல கடவுள் இப்படியா படைப்பார்?" என்று கேட்பவனுக்கு இது லேசான பதில் இல்லை. அப்பாவை இழந்த பிள்ளைக்கு அந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ஆச்சரியமும் இல்லை.

ஆனால் தம்பி ஓர் இடத்தில் சறுக்குகிறான். தோமா நற்செய்தியில் அந்தப் போலிக் கடவுள் கிடையாது. இயேசு சொன்னவையாக 114 வாக்குகளின் தொகுப்பு அது. அதை ஞானவாத நூல் எனலாமா என்பதிலேயே அறிஞர்களுக்குள் சண்டை. யால்தபோத் வருவது யோவானின் ரகசிய நூல் போன்றவற்றில். இரண்டும் 1945-ல் எகிப்தில் நாக் ஹம்மாதி அருகே உரமண் தோண்டிய விவசாயிகளுக்குக் கிடைத்த, காப்டிக் என்ற பழைய எகிப்திய மொழிச் சுவடிகளில் இருந்தவை. (ஞானவாதிகள் பெண்களைச் சமமாக நடத்தினார்கள் என்று தம்பி ஆரம்பித்தால், பெண் தன்னை ஆணாக்கிக்கொண்டால்தான் விண்ணரசு என்கிற 114-வது வாக்கை உங்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.)

325-ல் ஆயர்கள் கூடிய நைசியா சங்கம் விவிலியத்தில் எந்த நூல் இருக்கலாம் என்று முடிவுகட்டவில்லை. அங்கே பெரிய வழக்கு, இயேசு தந்தைக்கு நிகரானவர் அல்ல, படைக்கப்பட்டவர் என்ற ஆரியுஸின் போதனை. அதற்கு வெகுமுன்பே, 180 வாக்கில், லியோன் ஆயர் இரேனியுஸ் இந்த ஞானவாதக் குழுக்களைத் தப்பறை, அதாவது திரிபுக் கொள்கை, என்று ஐந்து புத்தகம் எழுதித் தாக்கியாயிற்று. திருச்சபை இவற்றை ஒதுக்கியது உண்மை. ஆனால் 1977-லேயே நாக் ஹம்மாதி நூல்கள் ஆங்கிலத்தில் ஒரே தொகுதியாக வந்துவிட்டன. கடையில் விற்கிற ரகசியத்துக்கு எதற்கு உள்வட்டம், எதற்குக் கட்டணம்?

தொடர்ந்து வாழும் பழைய மரபு என்றால் மண்டேயர்கள். ஈராக்கின் தெற்கிலும் ஈரானிலும் இருந்தவர்கள், 2003 போருக்குப் பிறகு பலர் ஸ்வீடன், ஆஸ்திரேலியா என்று சிதறிவிட்டார்கள். திருமுழுக்கு யோவானைப் போற்றுகிறார்கள், வெள்ளுடையில் ஓடும் நீரில் மூழ்கி எழுகிறார்கள், வெளியாரைச் சேர்ப்பதில்லை. 1890-ல் ஜூல் துவானெல் பிரான்சில் தொடங்கியது முதல் இன்றைய நாஸ்டிக் சபைகள் வரை மற்றவை நவீன காலத்தில் புதிதாகக் கட்டியவை. அதில் தப்பில்லை. "அறுபடாத குருபரம்பரை" என்று சொல்லிப் பணம் கேட்டால்தான் தப்பு. எவ்வளவு கட்டினான், வீட்டாரோடு பேசாதே என்கிறார்களா, இந்த இரண்டையும் நேராகக் கேளுங்கள். இரண்டாவதற்கு ஆம் என்றால், மதத்தை விட்டுவிட்டு முதலில் அந்த ஆளைப் பற்றிப் பேசுங்கள்.

நினைவுப் பூசைக்கு வருகிறேன். ரோமில் போதித்த வாலன்டினஸ் பெரிய ஞானவாதி. அவருடைய வழியினர் மற்றக் கிறிஸ்தவர்களை விட்டு விலகி ஓடவில்லை. "உங்களைப் போலத்தானே பேசுகிறோம், ஏன் ஒதுக்குகிறீர்கள்?" என்று அவர்கள் குறைப்பட்டதாக இரேனியுஸே எழுதியிருக்கிறார். இதைத் தம்பியிடம் சொல்லுங்கள். நற்கருணை வாங்க வேண்டாம், விசுவாசப் பிரமாணம் சொல்ல வேண்டாம், அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அப்புறம் அம்மாவிடமும் பேசி வையுங்கள்: அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் "சாமியாரை ஒரு தடவை பார்த்துட்டுப் போப்பா" என்று ஆரம்பிக்க வேண்டாம்.