தோணியை எந்த அலமாரியில் வைப்பீர்கள்?

கேள்வி: சரித்திரம், துப்பறிதல், நகைச்சுவை, விஞ்ஞானம், சாகசம், பேய் என்று வகைக்கு ஐந்தாக, உங்களுக்குப் பிடித்த புத்தகங்களைப் பட்டியல் போடுங்களேன். இலக்கியம் மட்டும் வேண்டாம் சார், தூக்கம் வருகிறது. (ஒரு வாசகர், தேனி)

பதில்: ஆறைந்து முப்பது. புத்தகக் காட்சியில் மூட்டையாக வாங்கி வந்து பிரிக்காமலே அடுக்கி வைக்கவா? அந்த ஆட்டத்துக்கு நான் வரவில்லை. வகைக்கு ஒன்று தருகிறேன், போதும்.

முதலில் சாகசம். நீங்கள் தூக்கம் வருகிறது என்று ஒதுக்கிய அலமாரியில்தான் அது இருக்கிறது: ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இரண்டாம் உலகப் போர் சமயம், சுமத்ராவின் மெடான் நகருக்குள் ஜப்பான் படை நுழைகிறது. பாண்டியன் என்ற தமிழ் இளைஞன் தொங்கான் என்ற பாய்மரச் சரக்குப் படகில் ஏறிப் பினாங்குக்குக் கிளம்புகிறான். நடுக்கடலில் புயல். அந்தப் பக்கங்களில் வாக்கியங்களே துண்டு துண்டாக உடைந்து நம்மைத் தூக்கித் தூக்கிப் போடும். அப்புறம் நேதாஜியின் படை, உளவு, கொலை எல்லாம் உண்டு. சிங்காரம் மெடானில் வேலை பார்த்தவர்; எழுதியது இரண்டே நாவல். இது பதிப்பாளர் கிடைக்காமல் வருடக்கணக்கில் கிடந்து 1972-இல்தான் அச்சேறியது. இதைப் படித்தும் தூக்கம் வந்தால் டாக்டரைப் பாருங்கள்.

துப்பறிதல், நகைச்சுவை இரண்டுக்கும் சேர்த்துத் தேவனின் 'துப்பறியும் சாம்பு'. அசட்டுத்தனமாக எதையோ செய்துவைப்பான், திருடன் அகப்பட்டுவிடுவான், ஊர் அவனை மேதை என்று கொண்டாடும். வகை பிரிப்பவர்கள் இதை எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை.

சரித்திரத்துக்குப் 'பொன்னியின் செல்வன்' என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதை எப்படியும் படித்திருப்பீர்கள், அல்லது படித்ததாகச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்' எடுங்கள். பிரெஞ்சுக்காரர் காலப் புதுச்சேரி. அந்தக் காலத்தை நாட்குறிப்பாக எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை வருகிறார், தாசிகள் வருகிறார்கள், சண்டையில் வயலைப் பறிகொடுத்த குடியானவர்களும் வருகிறார்கள்.

விஞ்ஞானத்துக்குச் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. அதில் ஜீனோ என்ற இயந்திர நாய்கூடப் புத்தகம் படிக்கிறது. பட்டியல் கேட்பதில்லை.

பேய்க்கதைக்கு வேறு யாரையாவது பிடியுங்கள். எனக்கு அதில்தான் தூக்கம் வருகிறது.