வெல்டிங் சிலிண்டர் வேண்டாம் நண்பரே

கோத்தகிரியில் பன்னீர் சோடா போடுகிறேன், மூன்று வாரமாகக் கீழேயிருந்து சோடாவுக்கான கார்பன் டை ஆக்சைடு கேஸ் ஏறி வரவில்லை, பக்கத்து வெல்டிங் பட்டறை சிலிண்டரை மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து மாட்டாதீர்கள். கேஸ் ஒன்றுதான், ஆனால் வெல்டிங்குக்கு வருவதில் எண்ணெய்ப் பிசுக்கோ கந்தகமோ இருக்கிறதா என்று யாரும் உணவுத் தரத்துக்குச் சோதித்து அனுப்புவதில்லை. குடிக்கப்போவது குழந்தைகள்.

இது பெரும்பாலும் உர ஆலையில் அம்மோனியா தயாரிக்கும்போதும், சாராய ஆலையில் சரக்கு நொதிக்கும்போதும் கூடவே கிடைக்கிற வாயு, அதனால் அங்கே உற்பத்தி நின்றால் இங்கே சோடாவும் நிற்கும். 2021 செப்டம்பரில் எரிவாயு விலை ஏறி இங்கிலாந்தில் இரண்டு உர ஆலைகள் நின்றபோது குளிர்பானம் மட்டுமில்லை, விலங்குகளை மயக்க இதே கேஸைப் பயன்படுத்தும் இறைச்சிக்கூடங்களே தடுமாறின.

சரி, இருக்கிற கேஸை நீட்டிக்கப் பாருங்கள். தண்ணீரை ஐஸ் போட்டு நன்றாகக் குளிரவையுங்கள், மலைக் குளிர் மட்டும் போதாது: சாதாரண அழுத்தத்தில் 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 0.9 லிட்டர் கேஸைத்தான் பிடிக்கும், 0 டிகிரிக்குப் பக்கத்தில் 1.7 லிட்டர் பிடிக்கும். அப்புறம் ரெகுலேட்டர் மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குன்னூரில் என் கடையில் கடுகளவு குமிழி விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது, வாஷரை மாற்றியதும் நின்றது. மீதி எவ்வளவு என்று மீட்டரை நம்பாதீர்கள், உள்ளே திரவம் இருக்கும்வரை முள் இறங்காது, தராசில் வையுங்கள்.

குளிருக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்யாதீர்கள், கசிந்தால் தரையோடு தங்கி மூச்சை அடைக்கும்.